கை பேசும் மொழி எல்லோருக்கும் ஒன்றா?

(இறுதியாண்டு சிவில் மாணவர் ஒருவர்)



ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுழல் படிக்கட்டு எப்படி இருக்கும் என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளக்குங்கள். பாதியிலேயே தோள் அசையும், விரல் தானாகச் சுற்றும். கையை அவிழ்த்து விட்டால்தான் வார்த்தையே வரும் போல இருக்கும்! டிராயிங் ஹாலில் ஐசோமெட்ரிக் வியூவை நண்பனுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது நாம எல்லோருமே காற்றில்தான் படம் போடுகிறோம். வாய் பாதி பேசுகிறது, மீதியைக் கை பேசுகிறது.

சரி, இந்தக் கைப்பேச்சு எல்லோருக்கும் ஒரே மாதிரி புரிகிறதா? புரியாதவர்கள் நிலைமை என்ன? ஆட்டிசம் உள்ளவர்களுடைய அனுபவத்தை வைத்து இதை விளக்கப் போகிறேன். என் சித்தி மகனுக்கு ஆட்டிசம் உண்டு. அவனால்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

எத்தனை வகைக் கையசைவு?

சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மெக்நீல் 1992-ல் வெளியிட்ட நூலில், பேச்சோடு வரும் கையசைவுகளை நான்காகப் பிரிக்கிறார். "இவ்வளவு பெரிய பைப்" என்று அளவு காட்டுவது உருவத்தைக் காட்டும் அசைவு. "இந்தப் பக்கம் லாபம், அந்தப் பக்கம் நஷ்டம்" என்று இரண்டு கையையும் தராசு போல வைப்பது, கண்ணுக்குத் தெரியாத கருத்துக்கு உருவம் கொடுக்கும் அசைவு. விரல் நீட்டிச் சுட்டுவது மூன்றாவது. மேடைப் பேச்சாளர் ஒவ்வொரு வார்த்தைக்கும் கையை வெட்டி வெட்டி இறக்குவாரே, அந்தத் தாளம் நான்காவது.

இவற்றை யாரும் நமக்குப் பாடமாக நடத்தவில்லை. பார்த்துப் பழகியது என்று சொல்லலாமா? அதுவும் முழுசாகச் சரியில்லை. பிறவியிலேயே பார்வையில்லாதவர்களும் பேசும்போது கையை அசைக்கிறார்கள். எதிரில் இருப்பவருக்கும் பார்வையில்லை என்று தெரிந்தே அசைக்கிறார்கள். இதை ஐவர்சன், கோல்டின்-மெடோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998-ல் எடுத்துக் காட்டினார்கள். அப்படியானால் கையசைவு மற்றவருக்காக மட்டும் அல்ல, நம்முடைய யோசனைக்கும் அது துணை என்று தெரிகிறது.

ஆட்டிசம் என்பது என்ன?

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் வேலை பார்த்த லியோ கேனர் என்ற மருத்துவர், 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இதை மருத்துவ உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. வளர்த்த விதத்தால் வருவதும் இல்லை. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு. சிலர் பேசவே மாட்டார்கள், சிலர் பிடித்த விஷயத்தை மணிக்கணக்கில் பேசுவார்கள். எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட கையேடு, கையசைவைப் புரிந்துகொள்வதிலும் பயன்படுத்துவதிலும் உள்ள வேறுபாட்டை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே குறிப்பிடுகிறது.

இது சின்ன வயதிலேயே தெரியும். ஒரு வயதையொட்டி குழந்தை விரல் நீட்டும். "அது வேணும்" என்று கேட்க நீட்டுவது ஒன்று. "அம்மா, நிலா பாரு!" என்று சந்தோஷத்தைப் பங்கு போட நீட்டுவது இன்னொன்று. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இந்த இரண்டாவது வகை குறைவு என்று இங்கிலாந்தின் சைமன் பேரன்-கோஹன் 1989-ல் எழுதினார். என் தம்பி சின்ன வயசில் தண்ணீர் வேண்டுமென்றால் பானையைக் காட்ட மாட்டான். சித்தியின் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பானை மேல் வைப்பான். ஆசை இருந்தது, கேட்கும் வழியும் இருந்தது. ஆனால் நாம எதிர்பார்த்த வழி இல்லை, அவ்வளவுதான்.

டைமிங் தள்ளிப் போனால்...

ஆட்டிசம் உள்ளவர்கள் கையையே அசைக்க மாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பேசக்கூடிய வளரிளம் பருவத்தினரைக் கதை சொல்லச் சொல்லி, டி மார்ச்செனா, ஐக்ஸ்டி என்ற இருவர் 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கையசைவின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் நேரத்தில்தான் இருந்தது. சொல்லும் கையும் ஒன்றாகச் சேரவில்லை. மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொல்வதென்றால், பெட்ரோலும் வருகிறது, ஸ்பார்க்கும் வருகிறது, டைமிங்தான் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. கேட்பவருக்கு எங்கே இடிக்கிறது என்று சொல்லத் தெரியாது. "இவன் பேச்சு என்னமோ மாதிரி இருக்கே" என்று மட்டும் தோன்றும். அந்த "என்னமோ மாதிரி"யை வைத்தே ஆளை முடிவு கட்டிவிடுகிறோம்!

கேட்கும் பக்கமும் உண்டு. அதே 2010-ல் சில்வர்மனும் அவருடன் இருந்தவர்களும் செய்த ஆய்வில், ஒருவர் ஓர் உருவத்தை விவரிக்க, அது எது என்று படங்களில் கண்டுபிடிக்க வேண்டும். பேச்சோடு கையும் அசைந்தபோது மற்றவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கோ கையசைவு சேர்ந்ததும் தாமதமானது. நமக்கு உதவியாக இருப்பதே அவர்களுக்குச் சுமையாகிவிட்டது!

என் தம்பி இதை ஒரே வரியில் சொன்னான்: "அண்ணா, நீங்க பேசும்போது நான் கையைப் பார்க்கணுமா, பேச்சைக் கேட்கணுமா? எதாவது ஒண்ணு சொல்லுங்க." ஒரே ஸ்பீக்கரில் இரண்டு ரேடியோ ஸ்டேஷன் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

ஆட்டிசம் உள்ள டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண்மணி, கால்நடைகளைப் பயமில்லாமல் நடத்திச் செல்லும் அமைப்புகளை வடிவமைத்துப் புகழ் பெற்றவர், பல்கலைக்கழகப் பேராசிரியர். மனிதர்கள் கண்ணசைவில் செய்தி பரிமாறுகிறார்கள் என்பதே பெரியவரான பிறகு ஒரு புத்தகத்தைப் படித்துத்தான் தனக்குத் தெரிந்தது என்று எழுதியிருக்கிறார். படத்தைப் பார்த்ததும் இயந்திரத்தை மனசில் ஓட்டிப் பார்க்கத் தெரிந்தவருக்கு இது தெரியவில்லை. அறிவு வேறு, சைகை வேறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

படபடக்கும் கை

ஆட்டிசம் உள்ள சிலர் விரல்களையோ கைகளையோ படபடவென்று அசைப்பார்கள். அது நமக்குச் சொல்லும் சைகை இல்லை. சந்தோஷம், பதற்றம், சத்தமும் கூட்டமும் தாங்காத நேரம், எல்லாவற்றுக்கும் அது ஒரு வடிகால். மனசு அமைதியாக அது உதவுகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்களே 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் கூறியிருக்கிறார்கள். என் தம்பி படித்த ஒரு பள்ளியில் "கையைக் கட்டி உட்கார்" என்று தினமும் அதட்டினார்கள். கை அடங்கியது. ஆனால் கையை அடக்குவதிலேயே கவனமெல்லாம் போய், பாடம் ஏறவில்லை. பிரஷர் குக்கரில் வெயிட்டை அமுக்கிப் பிடித்தால் ஆவி எங்கே போகும்?

குறை யார் பக்கம்?

ஆட்டிசம் உள்ளவரும் ஆய்வாளருமான டேமியன் மில்டன் 2012-ல் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்கிறோமே, நமக்கு மட்டும் அவர்களைப் புரிகிறதா? 2020-ல் கேத்தரின் குரோம்ப்டன் குழுவினர் எட்டு எட்டுப் பேராக வைத்து, ஒருவர் சொன்னதை அடுத்தவருக்குச் சொல்ல வைத்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும், இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும் செய்தி ஒரே அளவு நன்றாகப் போனது. இரண்டும் கலந்த வரிசையில்தான் அதிகம் தொலைந்தது. மெட்ரிக் போல்ட்டில் விட்வொர்த் நட்டைப் போட்டால் ஏறாது. போல்ட்டும் நல்ல போல்ட்டுதான், நட்டும் நல்ல நட்டுதான்!

நாம் என்ன செய்யலாம்?

சர்வே பிராக்டிகலில் ரேஞ்சிங் ராடு பிடித்தவர்களுக்குத் தெரியும். வலது கையை வேகமாக வீசினால் வலது பக்கம் நிறைய நகரு. மெதுவாக வீசினால் மெதுவாக நகரு. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி இறக்கினால் சரி. அர்த்தம் முன்கூட்டியே எழுதி, எல்லோரும் படித்தது. அதனால் சண்டையே இல்லை. பேச்சில் வரும் கையசைவுக்கு அப்படி ஒரு அட்டவணை கிடையாது. அட்டவணை இல்லாத பாடத்தில் ஒருவரை ஃபெயில் ஆக்குவது நியாயமா?

நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். "அதை அங்க வை" என்று விரலை நீட்டாமல், "ஸ்பானரை ஜன்னல் பக்கத்து மேஜை மேல வை" என்று வாயால் சொல்லலாம். படத்தைக் காட்ட வேண்டுமென்றால் பேச்சை நிறுத்திவிட்டுக் காட்டலாம். பதில் சொல்ல நேரம் கொடுக்கலாம். யாருடைய கை படபடத்தாலும் அதைப் போல் நடித்துக் காட்டிச் சிரிக்காமல் இருக்கலாம்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளில் ஆட்டிசத்தையும் சேர்த்தது. அந்தச் சட்டப்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறிப்பிட்ட அளவு இயலாமை உள்ளவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் உண்டு. ஆகவே அவர்கள் நம் வகுப்புக்கு வருவார்கள். பெயர் சொல்லாமல், பெயரே தெரியாமல், ஏற்கெனவே நம் பெஞ்சில் ஒருவர் இருக்கவும் கூடும். சட்டம் சீட்டு கொடுக்கும். வைவாவிலும் இன்டர்வியூவிலும் "பாடி லாங்வேஜ் சரியில்லை" என்ற ஒரே வார்த்தை அந்தச் சீட்டின் பலனைப் பறித்துவிடும். என் தம்பி அடுத்த வருஷம் டிப்ளமோ சேர ஆசைப்படுகிறான். லெவலிங் கணக்கை என்னைவிட வேகமாகப் போடுகிறான்.

நாளைக்கு சைட்டிலும் ஷாப்பிலும் சூப்பர்வைசராக நிற்கப் போவது நாம்தான். ஆளை எடுக்கும் மேஜைக்கு அந்தப் பக்கமும் ஒருநாள் உட்காருவோம். அப்போது எதிரில் இருப்பவர் கை எப்படி அசைகிறது என்று பார்க்காமல், அந்தக் கைக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்போம் தோழர்களே!