இது அழுகை இல்லீங்க!



புற்றுநோய்க்கு ஊசி மருந்து ஏற்றினால் முடி கொட்டும், வாந்தி வரும், வாய் புண்ணாகும் என்று எல்லோருக்கும் தெரியும். பார்க்க வருகிற சொந்தக்காரர்களே அதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்! ஆனால் கண்ணில் ஓயாமல் தண்ணீர் வடியும் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து மதுரையில் கீமோ. முதலில் சிவப்பு மருந்து நான்கு தடவை. அதன் பிறகு டோசிடாக்செல் என்று வேறு மருந்து. மொத்தமாக ஏற்றினால் என் உடம்பு தாங்காது என்று வாரம் ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். ஐந்தாவது வாரம் தொடங்கியது தொல்லை. துடைக்கத் துடைக்க வழியும். பேப்பரைப் பிரித்தால் எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி இருக்கும். எங்கள் ஊர் வீடுகளில் படி உயரம். வளவுக்கு இறங்கும்போது படி எது, தரை எது என்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வருகிறவர் போகிறவர் எல்லாம் "அழாதேம்மா, மனசைத் தேத்திக்க" என்று சொல்லும்போதுதான் கஷ்டமாக இருக்கும். ஒரு கல்யாணத்தில் திருப்பூட்டுகிற நேரம், "கண்ணைக் கசக்கிக்கிட்டு முன்னாடி நிக்காதத்தா" என்று வயதான ஆச்சி ஒருவர் என்னைத் தூணுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என் மகன் ஆறாவது படிக்கிறான். அவன் ஒருநாள் ராத்திரி என் கணவரிடம், "அம்மாகிட்ட டாக்டர் ஏதோ சொல்லிட்டாங்க, நீங்க எங்கிட்ட மறைக்கிறீங்கதானே?" என்று கேட்டிருக்கிறான். அதைக் கேள்விப்பட்ட அன்று மட்டும் நிஜமாகவே அழுதேன்.

ஊசி போடுகிற இடத்தில் சொன்னேன். "இதெல்லாம் சகஜம்மா, கீமோ முடிஞ்சா சரியாயிடும்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆனால் ஊசி ஏற்றுகிற நர்ஸம்மா, போகிற போக்கில், "கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க. இந்த மருந்துக்கு அடைப்பு வரும்" என்று காதோடு சொன்னார். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

கண் டாக்டர் விளக்கமாகச் சொன்னார். கண்ணாடியில் பாருங்கள் சகோதரிகளே, மூக்குப் பக்கத்துக் கண் ஓரத்தில், மேல் இமையிலும் கீழ் இமையிலும் ஊசி முனை அளவுக்கு ஒரு துவாரம் இருக்கும். கண்ணில் ஊறுகிற நீர் அந்தத் துவாரம் வழியாக மெல்லிய குழாயில் இறங்கி, கண்ணீர்ப்பைக்குப் போய், அங்கிருந்து மூக்குக்குள் இறங்குகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தானாம்! நாம் உடம்பில் ஏற்றுகிற டோசிடாக்செல் கண்ணீரிலும் கலந்து வருகிறது. அது அந்தக் குழாயின் உள் சுவரைப் புண்ணாக்கித் தடிக்க வைக்கிறது. குழாய் சுருங்குகிறது. போக வழியில்லாத தண்ணீர் கன்னத்தில் வழிகிறது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையின் பீட்டா எஸ்மேலி என்ற பெண் டாக்டர் 2001 வாக்கிலேயே இதை எழுதியிருக்கிறார். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுகிறவர்களைவிட வாரா வாரம் ஏற்றுகிறவர்களுக்கே இது அதிகம் வருமாம். ஃபைவ் எஃப்.யூ., கேப்சிடபின் மருந்துகளிலும் சிலருக்குக் கண்ணில் நீர் வடியும்.

எல்லா நீரும் அடைப்பினால் வருவதில்லை. இமை முடி கொட்டித் தூசி விழுந்தாலும் வரும். கண் காய்ந்து உறுத்தினாலும் வரும். காய்ந்த கண்ணில் எப்படித் தண்ணீர் என்று நானும் கேட்டேன். உறுத்தல் தாங்காமல் கண்ணே கூடுதலாகச் சுரக்கிறதாம். எது என்று பார்க்க, கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் செய்கிற சோதனையைத்தான் செய்தார்கள். அந்தத் துவாரத்தில் உப்புத் தண்ணீரை மெல்லச் செலுத்தி, "தொண்டையில கரிக்குதா?" என்று கேட்டார்கள். வலது பக்கம் லேசாகக் கரித்தது. இடது பக்கம் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் அப்படியே திரும்பி வழிந்துவிட்டது.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். குழாய் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே போனால், மெல்லிய சிலிகான் குழாய் ஒன்றை உள்ளே விட்டு வழி மூடாமல் காப்பாற்றிவிடலாம். அடியோடு மூடிப்போனால் கண் ஓரத்திலிருந்து மூக்குக்கு வேறு வழி போட்டு, கண்ணாடிக் குழாய் பொருத்துகிற பெரிய ஆபரேஷன். அந்தக் குழாய் ஆயுசுக்கும் இருக்க வேண்டும். "கீமோ முடியட்டும்" என்று காத்திருக்கிற மாதங்களில்தான் அது மூடிக்கொள்கிறது.

என் மாமியார் பயந்துவிட்டார். "ஆத்தா, அந்த ஊசியை நிறுத்திப்புடலாமா?" என்றார். "கண்ணுக்காக ஊசியை நீங்களா நிறுத்தாதீங்க. உயிர் காக்கிற மருந்து அது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டு டாக்டர்களும் கலந்து பேசி, ரத்தத்தில் வெள்ளை அணு எண்ணிக்கையைப் பார்த்து, இரண்டு ஊசிக்கு நடுவில் ஒரு நாள் குறித்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு கண்ணிலும் குழாய் வைத்தார்கள். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது, கண் ஓரத்தைக் கசக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நம் ஜில்லாக்காரர்களுக்குக் கண் என்றால் மதுரைதான். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் அங்கேதான் இருக்கிறது. எந்தப் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கண்ணீர்ப்பாதை பார்க்கிறவர் யார் என்று கேட்டுப் போங்கள். கீமோ சீட்டையும் கையில் எடுத்துப் போங்கள். மருந்தின் பெயர் அதில் இருக்கும்.

நாட்டரசன்கோட்டை கண்ணாத்தாளுக்கு அத்தை வேண்டிக்கொண்டார். தீர்த்தத்தைக் கண்ணில் விடச் சொன்னார்கள் சிலர். தலையில் தெளித்துக்கொண்டேன், கண்ணில் விடவில்லை. நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். கீமோ சமயத்தில் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். சுத்தம் செய்யாத எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது. மருந்துக் கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்குவதும் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால், அதிக நாள் விடும்போது கண் அழுத்தம் கூடும்.

வீட்டில் நான் செய்தது இது. பழைய மெல்லிய வேட்டியைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்து, கொதிக்க வைத்து, வெயிலில் காயப்போட்டு, டப்பாவில் வைத்துக்கொள்வேன். ஒரு தடவை துடைத்தது மறுபடி கண்ணுக்கு வராது. துடைக்கவும் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். தண்ணீர் வழிந்து வழிந்து கன்னம் எரியும். அங்கே மட்டும் லேசாக வாசலின். கண் மையை மூட்டை கட்டி வைத்தாயிற்று. விறகடுப்புப் பக்கம் போகவில்லை. தீபாவளி முறுக்கு எங்கள் வீட்டுக்காரர் சுட்டார். அது வந்த லட்சணத்தைத் தனிக் கடிதமாக எழுதலாம்! கண் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, மூக்கோரம் வீங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பிள்ளையிடம் நான்தான் பேசினேன். கண்ணாடி முன்னால் உட்கார வைத்து அவன் கண்ணிலேயே அந்தத் துவாரத்தைக் காட்டி, "அம்மாவுக்கு இந்தச் சாக்கடை அடைச்சுக்கிச்சு, அவ்வளவுதான்" என்றேன். அதன் பிறகு யாராவது "அழாதே" என்றால் அவனே, "எங்கம்மா அழலை, பைப் அடைப்பு" என்று பதில் சொல்லிவிடுவான்.

கீமோ முடிந்து சில வாரம் கழித்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். வலது கண்ணில் இப்போது நீர் வருவதில்லை. இடது கண்ணில் காற்றடித்தால் கொஞ்சம் கசியும். வருகிற வெள்ளிக்கிழமை நாட்டரசன்கோட்டைக்குப் போகிறோம். வெள்ளிக் கண்மலர் இரண்டும் வாங்கி வைத்துவிட்டார் அத்தை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காரைக்குடி