உயிரணுவின் கடிவாளம்

கருவுற்ற ஒரே ஓர் உயிரணு மீண்டும் மீண்டும் இரண்டாகப் பிளந்துதான் ஏறத்தாழ 30 லட்சம் கோடி உயிரணுக்களைக் கொண்ட மனித உடலாகிறது. வளர்ந்த உடலிலோ குடலின் உட்சுவர் உயிரணுக்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. மூளையின் நரம்பணுக்கள் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் பிளப்பதே இல்லை. கல்லீரல் உயிரணுக்கள் அமைதியாக இருந்து, கல்லீரலின் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்டால் மறுபடியும் பிளக்கத் தொடங்குகின்றன. இவை அனைத்திலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்புதான் என்பதால், உயிரணு எப்படிப் பிளக்கிறது என்பதைக் காட்டிலும், பிளக்கும் ஆற்றல் இருந்தும் அதைப் பிளக்கவிடாமல் நிறுத்திவைப்பது எது என்பதே ஆழமான கேள்வி.

மரபணு என்பது டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில், பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு பொதிந்துள்ள பகுதி. பிளவுக்கு முன் இந்த இழை முழுவதும், அதாவது சுமார் 600 கோடி எழுத்து இணைகளும், ஒரு முறை, ஒரே முறை, படியெடுக்கப்பட்டாக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் மனித உயிரணு ஒரு சுற்றை முடிக்கச் சுமார் 24 மணி நேரம் எடுத்துக்கொண்டாலும், நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரியும் பிளவு அதில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் வளர்வதிலும் படியெடுப்பதிலும் எடுத்த படியைச் சரிபார்ப்பதிலும் கழிகிறது.

இந்தச் சுற்றை நகர்த்தும் மரபணுக்கள் முதலில் பிடிபட்டது ஈஸ்ட்டில். அமெரிக்காவின் லீலண்ட் ஹார்ட்வெல்லும் பிரிட்டனின் பால் நர்ஸும் இருவேறு வகை ஈஸ்ட்டுகளில் கண்டறிந்தவற்றுள் முதன்மையானது, கினேஸ் என்னும் நொதியைச் செய்யும் மரபணு. பிற புரதங்களின் மீது பாஸ்பேட் என்னும் சிறு வேதித் துணுக்கை ஒட்டி அவற்றின் போக்கை மாற்றுவது கினேஸின் வேலை. டிம் ஹன்ட் 1982இல் கடல் முள்ளெலியின் முட்டைகளில், ஒவ்வொரு பிளவுக்கும் முன் சேர்ந்து பின் சட்டென்று சிதைந்துபோகும் புரதத்தைக் கண்டார். சைக்ளின் எனப் பெயர் பெற்ற அதன் துணையின்றி அந்தக் கினேஸ் இயங்குவதில்லை. 1987இல் நர்ஸின் ஆய்வுக்குழு, இந்த மரபணு பழுதானதால் பிளக்க இயலாத ஈஸ்ட்டுக்குள் அதற்கு நிகரான மனித மரபணுவைச் செலுத்தியபோது ஈஸ்ட் மீண்டும் பிளந்தது. மூவரும் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நகர்த்துவதற்கு மரபணுக்கள் இருப்பதுபோலவே நிறுத்துவதற்கும் உண்டு என்பதைக் காட்டிக்கொடுத்தது, சிறு குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய். ஒளிவிளக்குடன் எடுத்த புகைப்படத்தில் குழந்தையின் கண்மணி வெண்மையாகத் தெரிவது அதன் அடையாளங்களுள் ஒன்று. அப்படித் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டுவது பார்வையை மட்டுமல்ல, உயிரையும் காக்கக்கூடும். இந்நோயாளிகள் 48 பேரின் விவரங்களை ஆராய்ந்த ஆல்ஃபிரட் நுட்சன், இரு கண்களிலும் கட்டி வந்தவர்களுக்கு நோய் முன்னதாகவும், ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களுக்குப் பின்னதாகவும் தோன்றுவதைக் கவனித்தார். நோய் இன்னும் கண்டறியப்படாதவர்களின் விகிதம் வயது ஏற ஏற எப்படிக் குறைகிறது என்று அவர் வரைந்து பார்த்தபோது, முதல் பிரிவினரின் புள்ளிகள் ஒரே ஒரு பழுதுக்காகக் காத்திருப்பதற்கு உரிய நேர்கோட்டிலும், இரண்டாம் பிரிவினரின் புள்ளிகள் இரண்டு பழுதுகளுக்கு உரிய வளைகோட்டிலும் பொருந்தின. மரபணுவைக் கண்ணால் காணாமல், வயதையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்து 1971இல் செய்யப்பட்ட இந்தக் கணிப்பு, புற்றுநோய் ஆய்வின் மிக அழகிய தருக்கங்களுள் ஒன்று.

அதன் பொருள் இதுதான்: தந்தை வழியில் ஒன்றும் தாய் வழியில் ஒன்றுமாக அந்த மரபணுவுக்கு இரண்டு படிகள் உள்ளன, ஒன்று நலமாக இருந்தாலே உயிரணு கட்டுக்குள் நிற்கும். பழுதான படி ஒன்றுடன் பிறக்கும் குழந்தையின் விழித்திரையில் லட்சக்கணக்கான உயிரணுக்கள் பிளந்துகொண்டிருப்பதால், அவற்றுள் ஏதோ ஒன்றில் மறு படியும் பழுதாவது பெரும்பாலும் நடந்தே விடுகிறது. இரண்டு நல்ல படிகளுடன் பிறந்த குழந்தைக்கோ ஒரே உயிரணுவில் இரண்டும் பழுதாக வேண்டும் என்பதால் அது மிக அரிது.

பதின்மூன்றாம் குரோமோசோமில் உள்ள அந்த மரபணு 1986இல் பிரித்தெடுக்கப்பட்டது. ஆர்பி எனப்படும் அதன் புரதம், படியெடுப்புக்கு வேண்டிய மரபணுக்களை முடுக்கிவிடும் ஈ2எஃப் என்னும் புரதத்தை இறுகப் பற்றிக்கொண்டு அதை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. வளரலாம் என்ற செய்தி வெளியிலிருந்து வரும்போது உயிரணுவுக்குள் சைக்ளின் டி சேர்ந்து, தனக்குரிய கினேஸை இயக்க, அந்தக் கினேஸ் ஆர்பியின் மீது பாஸ்பேட்டுகளை ஒவ்வொன்றாக ஒட்ட, பிடி தளர்ந்து ஈ2எஃப் விடுபடுகிறது. விடுபட்ட ஈ2எஃப் செய்விக்கும் பொருள்களுள் ஒன்றான சைக்ளின் ஈ, ஆர்பியின் மீது மேலும் பாஸ்பேட் ஒட்டுவதற்கு வழிசெய்வதால், பிடி மெல்ல நழுவாமல் ஒரேயடியாக விடுகிறது. அந்த எல்லையைத் தாண்டிவிட்ட உயிரணு, வெளிச்செய்தி நின்றுபோனாலும் சுற்றை முடித்தே தீரும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான பாப்பிலோமா வைரஸ் தாக்குவதும் இதே இடத்தைத்தான். தன்னைப் பெருக்கிக்கொள்ள உயிரணுவின் படியெடுக்கும் கருவிகள் அதற்கு வேண்டியிருப்பதால், அதன் ஈ7 புரதம் ஆர்பியைப் பிடித்து ஈ2எஃப்பை விடுவிக்கிறது; ஈ6 புரதமோ, டி.என்.ஏ. சேதமுற்றால் சுற்றை நிறுத்தும் பி53 என்னும் இன்னொரு காவலனைச் சிதைக்கிறது. இரு மரபணுக்களிலும் ஓர் எழுத்தும் மாறாமலேயே இரண்டின் காவலும் பறிபோகிறது.

இத்தனை ஆண்டுகளின் அறிவு மருந்தாகவும் மாறியிருக்கிறது. மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்காக 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பால்போசிக்ளிப், சைக்ளின் டியின் கினேஸை அடக்கி, ஆர்பியின் பிடி தளராமல் பார்த்துக்கொள்கிறது. கட்டியின் உயிரணுக்கள் ஆர்பியையே இழந்திருந்தால் இழுத்துப் பிடிக்கக் கடிவாளமே இல்லாமல் போவதால், அங்கே இந்த மருந்து பயன் தருவதில்லை.