ஆய்வுப் பதாகையும் அறிமுகக் குறுவுரையும்: புலிமான்கோம்பை நடுகல்லை முன்வைத்து

முன்னுரை

கருத்தரங்குகளில் கட்டுரை வாசிப்போடு பதாகை அளிப்பும் அதனை அறிமுகப்படுத்தும் குறுவுரையும் இடம்பெறுகின்றன. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டி, ஒரே படவில்லையின் துணையுடன் ஆய்வைக் கூறும் முறையைப் பல நாடுகளுக்கும் பரப்பியது. தமிழாய்வில் இவ்வடிவங்களை அமைக்கும் நெறியைத் தேனி மாவட்டச் சான்று ஒன்றின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

இடக்குறிப்பு

பதாகையின் தலைப்பு ஊரை ஐயமின்றிச் சுட்டவேண்டும். வைகையின் மேற்பகுதியில், தேனி மாவட்டக் கடமலைக்குண்டு ஒன்றியத்தோடு இணைத்து வழங்கப்பெறும் மயிலாடும்பாறை ஒன்று. கிருஷ்ணகிரி மாவட்ட மயிலாடும்பாறை மற்றொன்று. கி.மு. 2172 என்னும் இரும்புக்காலக் கணிப்பு 2022இல் அறிவிக்கப்பெற்றது பின்னதற்கே. மாவட்டப் பெயர் விடுபடின், அக்காலக்கணிப்பை வைகைக் கரைக்கு ஏற்றிக் காண இடமுண்டு.

சான்றும் பொருள்கோளும்

ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக்குழு 2006இல் தமிழ்பிராமி எழுத்துடைய மூன்று நடுகற்களைக் கண்டறிந்தது. அவற்றுள் ஒன்றன் வாசகம் 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்' என்பது. கூடலூர் ஆகோளில் இறந்த பேடு தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என இதற்குப் பொருள் கொள்ளப்படுகிறது. ஆயின் 'இறந்த', 'எடுத்த' என்னும் சொற்கள் கல்லில் இல்லை. அவை உரை வருவித்தவை.

கட்டுரையில் இவ்வேறுபாட்டை ஒரு பத்தியில் விளக்கலாம். நின்று பார்த்து நகர்வோருக்குரிய பதாகையில் அதனைப் பக்க அமைப்பே உணர்த்தவேண்டும். எனவே கல்லின் படம் அல்லது மசிப்படி, எழுத்து வாசிப்பு, பொருள்கோள் ஆகிய மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் அமைத்தல் தகும். வருவித்த சொற்களை அடைப்புக்குறிக்குள் இடவேண்டும். காலம் எழுத்தமைதியால் கணிக்கப்பட்டது என்பதையும் குறித்தல் வேண்டும். அது கரிமக் காலக்கணிப்போடு ஒருதன்மைத்தன்று.

குறுவுரை

மூன்று நிமிடங்களில் ஏறத்தாழ 300 சொற்களே அடங்கும். ஆதலின் ஆய்வு வரலாறு, முன்னோர் கருத்துகள் முதலியவற்றைத் தவிர்த்து ஒரு வினாவையே முன்வைத்தல் வேண்டும். சான்றாக, 'தொல்காப்பியம் வெட்சித் திணையில் கூறும் ஆகோள், நடுகல்லில் அதே சொல்லாக வருவது எதனை உணர்த்துகிறது?' என்னும் வினாவில் தொடங்கலாம். அடுத்துச் சான்று, அதன்பின் ஆய்வாளர் கண்ட முடிவு, இறுதியில் அம்முடிவின் எல்லை என உரை அமையும். இலக்கணம் வாழ்வியலைப் பதிவு செய்தது என்று கூற இச்சான்று துணைசெய்யும். தொல்காப்பியத்தின் காலத்தை நிறுவ இது ஒன்றே போதாது.

அச்சு

நெடுக்கில் 118.9 செ.மீ., அகலத்தில் 84.1 செ.மீ. உடைய தாள் பொதுவாகப் பயன்படுகிறது. ஒருங்குறி எழுத்துருவைப் பயன்படுத்தி, எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் கோப்பாக அச்சகத்திற்கு அளித்தால் எழுத்துச் சிதைவு பெரிதும் தவிர்க்கப்படும். தமிழ்பிராமி வரிவடிவைப் படமாகச் சேர்ப்பதே பாதுகாப்பானது.

முடிவுரை

பதாகையும் குறுவுரையும் ஆய்வேட்டின் சுருக்கங்கள் அல்ல. ஒரு சான்று எதுவரை பேசுகிறது, ஆய்வாளர் எங்கிருந்து பேசத் தொடங்குகிறார் என்பதை இவ்வடிவங்கள் வெளிப்படுத்தவேண்டும். அவ்வெல்லையைத் தெளிவுறக் காட்டும் பதாகையே பிறர் வாதத்திற்கும் மறுப்பிற்கும் இடந்தரும்.