தலைகீழாக இருந்த காந்தம்

1959இல் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் செய்த ஒரு மின்கித்தாருக்கு ‘கிரீனி’ என்று செல்லப்பெயர். ஃபிளீட்வுட் மேக் இசைக்குழுவைத் தொடங்கிய பீட்டர் கிரீன் வாசித்ததால் வந்த பெயர் அது. அவரிடமிருந்து அதைக் கேரி மூர் வாங்கினார். பல கைகள் மாறி, 2014இல் மெட்டாலிகா குழுவின் கர்க் ஹேமெட்டிடம் போய்ச் சேர்ந்தது. அதே தொழிற்சாலையில், அதே மரத்தில், அதே ஆண்டில் செய்த மற்றக் கித்தார்களில் வராத ஒரு குரல் இதில் வரும். மூக்கால் பாடுவதுபோல, கூடு விழுந்த மரத்தைத் தட்டுவதுபோல இருக்கும் அந்தக் குரல். காரணம் மிகச் சிறியது. உள்ளே இருக்கும் ஒரு காந்தம் தலைகீழாக இருக்கிறது. வடதுருவம் இருக்கவேண்டிய பக்கத்தில் தென்துருவம்.

பழுது பார்க்கத் தெரிந்த யாராவது “இது தவறாக இருக்கிறதே” என்று அதைத் திருப்பி வைத்திருந்தால் வேலை அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும். உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருந்த அந்தக் குரலும் அத்துடன் முடிந்திருக்கும்.

பழைய மின்கித்தாரைச் சீர்படுத்துவதில் உள்ள சிக்கல் இதுதான். எது பழுது, எது அந்தக் கருவியின் இயல்பு என்று பிரித்தறிய வேண்டும். அதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. கொஞ்சம் அறிவியலும் வேண்டும். நல்லவேளையாக, வேண்டிய அறிவியலில் பெரும்பகுதி உங்கள் இடைநிலைப்பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.

சாதாரணக் கித்தாரில் தந்தி அதிர, மரப்பெட்டி அந்த அதிர்வைப் பெருக்கும். மின்கித்தாரில் அந்த வேலையை ‘பிக்கப்’ என்னும் உறுப்பு தொடங்கி வைக்கிறது. ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச்சுருள், அவ்வளவுதான் பிக்கப். கம்பியின் தடிமன் 0.06 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஏறக்குறைய நம் தலைமுடி. அதை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே ஓடும் எஃகுத் தந்தியைக் காந்தம் தானும் ஒரு காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளை ஊடுருவும் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும். மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டுபிடித்தார். படிவம் 5 இயற்பியலில் வரும் மின்காந்தத் தூண்டல் இதுவே. நைலான் தந்தி போட்டால் இந்தக் கருவி ஊமையாகிவிடும்; நைலானைக் காந்தம் அறியாது.

இந்தச் சுருளுக்கு ஒரு குறை உண்டு. வீட்டு மின்கம்பிகளைச் சுற்றியிருக்கும் 50 ஹெர்ட்ஸ் மின்காந்தப் புலமும் அதில் மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். வண்டு ரீங்காரம்போல ‘உம்’ என்று ஓர் இரைச்சல் கேட்கும். கிப்சனில் வேலை பார்த்த செத் லவர் 1955இல் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு. இரண்டும் இரைச்சலை ஒன்றுக்கொன்று எதிராகத் தரும்படி இணைக்கப்படும். ஆகவே இரைச்சல் அழிந்துவிடும். ஆனால் தந்தியின் ஒலியும் சேர்ந்து அழியக்கூடாதே? அதற்காக இரண்டு சுருள்களுக்கும் எதிரெதிர்த் துருவங்களை வைத்தார். சுருளால் ஒருமுறை, காந்தத்தால் ஒருமுறை என்று தந்தியின் ஒலி இரண்டுமுறை திரும்புவதால் அது கூடுகிறது. காந்தத்தோடு தொடர்பில்லாத இரைச்சல் ஒருமுறைதான் திரும்புகிறது, அதனால் கழிகிறது. எனக்குத் தெரிந்து இசைக்கருவிகளில் இதைவிட அழகான கூட்டல் கழித்தல் கணக்கு இல்லை.

இப்போது கிரீனிக்கு வருவோம். அதில் இப்படிப்பட்ட பிக்கப்கள் இரண்டு. கழுத்துப் பக்கப் பிக்கப்பின் காந்தம் மட்டும் தலைகீழ். ஒவ்வொன்றையும் தனியாக வாசித்தால் வேறுபாடே தெரியாது. இரண்டையும் சேர்த்து இயக்கும்போது ஒன்றின் மின்னலை ஏற, மற்றதன் மின்னலை இறங்குகிறது. தாழ்ந்த ஒலிகளுக்குத் தந்தி இரண்டு பிக்கப்களின் மேலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி அசைவதால் அவை பெரும்பாலும் அழிந்துவிடும். மேற்சுரங்களில் தந்தி இடத்துக்கு இடம் வேறுவேறு விதமாக வளைவதால் அவை தப்பிக்கும். அடித்தளம் கரைந்து மேல்தளம் மட்டும் நிற்கும் அந்தக் குரல் அப்படித்தான் பிறக்கிறது.

சரி, கிரீனி எங்கே, கோலசிலாங்கூர் எங்கே என்று கேட்கலாம். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வந்து வாசித்தார்கள். அந்தப் பத்தாண்டில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மின்கித்தார்க் குழுக்கள் மளமளவென்று முளைத்தன; அந்த இசைக்குப் ‘பாப் யே யே’ என்றே பெயர் வந்தது. 1969இல் பினாங்கில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் ‘அலிகேட்ஸ்’ தோன்றியது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டங்களிலும் கல்யாண விருந்துக்கும் திருவிழாவுக்கும் சினிமாப் பாட்டு வாசித்த ஒரு தலைமுறை உண்டு. அந்தத் தலைமுறையின் கருவிகள் இன்று எங்கே? சில குப்பைக்குப் போய்விட்டன. சில அலமாரியின் மேல், சாக்கு சுற்றிய நிலையில் இருக்கின்றன.

அங்கே கிப்சன் கிடைக்கும் என்று ஆசைப்படாதீர்கள். கிடைத்தால் ஜப்பானியக் கித்தாராகத்தான் இருக்கும், அதுவும் இளக்காரமானதல்ல. 1946இல் தொடங்கி 1967இல் கவாய் நிறுவனத்தின் கைக்குப் போன டெஸ்கோவின் கித்தார்கள் அன்று மலிவுச் சரக்கு. அவற்றின் சில பிக்கப்களில் தங்கநிறத் தகடு பதித்திருக்கும். உள்ளே, காந்தத்தூளை ரப்பருடன் கலந்து செய்த வளையும் பட்டை; குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டும் பொம்மைகளில் இருப்பது போன்றது. ரை கூடர் என்ற அமெரிக்கக் கலைஞர் தம் ஃபெண்டர் கித்தாரில் அந்த மலிவுப் பிக்கப்பைப் பொருத்தி வாசித்தார். பிறகு உலகமே அதைத் தேட ஆரம்பித்தது.

அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், திருப்புளியை எடுக்குமுன் கைத்தொலைபேசியை எடுங்கள். எல்லாப் பக்கமும் படம் பிடியுங்கள். முன்தகட்டைக் கழற்றியதும் உள்ளே ஓடும் ஒயர்களையும் படம் பிடியுங்கள். பழைய கருவிக்குள் பிறப்புச் சான்றிதழ் ஒளிந்திருக்கும். அமெரிக்கக் கித்தார்களில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடியில் எண்கள் பொறித்திருப்பார்கள். 137 6632 என்று இருந்தால், 137 என்பது அந்தக் குமிழைச் செய்த நிறுவனத்தின் எண். மீதி, 1966ஆம் ஆண்டின் 32ஆம் வாரம். கித்தார் அந்த வாரத்துக்கு முன் பிறந்திருக்க முடியாது. துப்பறிவாளர் பயன்படுத்தும் தருக்கம்தான் இது. குமிழைத் திருகும்போது ‘கரகர’ என்கிறது என்பதற்காக அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதியது வைத்தால் இந்தச் சான்று போய்விடும். மின்தொடர்பைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயைச் சிறிது அடித்து இருபது முறை திருகிப் பாருங்கள். பெரும்பாலும் கரகரப்பு போய்விடும். மாற்றியே ஆகவேண்டும் என்றால் பழையதை ஒரு பையில் போட்டு, தேதி எழுதிக் கித்தாரோடு வையுங்கள். பின்னால் வருகிறவர் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய மாற்றத்தை மட்டுமே செய்யவேண்டும் என்பது அருங்காட்சியகங்களின் விதி. கித்தாருக்கும் அது பொருந்தும்.

நம் வட்டாரத்தில் பழைய கித்தாருக்கு முதல் எதிரி காற்றின் ஈரம். மரக்கருவிகளுக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் நல்லது என்பார்கள். கடலோரக் கோலசிலாங்கூரில் 80 விழுக்காடு சாதாரணம். மழைக்காலத்தில் வீட்டுக் கதவு இறுகிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மரம் ஈரத்தை உறிஞ்சி, இழைக்குக் குறுக்கே உப்பும்; நீளவாட்டில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கித்தாரின் கழுத்தில் ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ எடைக்குச் சமமான விசையில் ஐம்பது அறுபது ஆண்டுகளாக இழுத்துக்கொண்டு இருந்திருக்கும். உப்பிய மரம், ஓயாத இழுவை. கழுத்து வில்லாக வளையும். பல கித்தார்களின் கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி ஓடும். அதன் முனையைத் திருகினால் கழுத்து நேராகும். ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு மட்டும் திருகி, ஒருநாள் விட்டுப் பாருங்கள். துருப்பிடித்த பழைய கம்பியைப் பலம்கொண்ட மட்டும் திருகி உடைத்தவர்கள் நிறையப் பேர்.

குளிரூட்டிய அறையில் வைத்தால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்கவேண்டாம். சில்லென்று இருக்கும் கித்தாரை வாசலுக்குக் கொண்டுவந்தால், குளிர்ந்த பானக் குவளையில் போலவே அதன் மேலும் நீர் கோக்கும். திருகாணி துருப்பிடிக்கும், வண்ணப்பூச்சு வெடிக்கும். பெட்டியோடு கொண்டுவந்து, அரைமணி நேரம் கழித்துத் திறப்பது நல்லது.

அந்த வண்ணப்பூச்சைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 1950களின் அமெரிக்கக் கித்தார்கள் பலவற்றுக்கு நைட்ரோசெல்லுலோஸ் என்ற பூச்சு. பஞ்சையும் நைட்ரிக் அமிலத்தையும் கொண்டு செய்வது. வெடிமருந்துக்கு உறவுக்காரன், பழைய சினிமாப் படச்சுருளுக்கு உடன்பிறப்பு. இது எளிதில் மஞ்சளாகும், நுண்ணிய வெடிப்பு விடும். 1958 முதல் 1960 வரை வந்த லெஸ் பால் கித்தார்களின் செந்நிறச் சாயம் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு வெளுத்துப்போனது. ஒன்று தேன்நிறம், ஒன்று எலுமிச்சை நிறம், ஒன்று தேநீர் நிறம். இப்போது சேகரிப்பாளர்கள் அந்த வெளுப்பைத்தான் ரசித்து வாங்குகிறார்கள். பளபளப்பாக்குகிறேன் என்று சுரண்டிப் புதுப்பூச்சு அடித்தால் விலை பாதியாகும் என்பது அவர்களிடையே வழங்கும் கணக்கு.

இந்தப் பூச்சுக்கு ஒரு விசித்திரமான பகைவன் உண்டு: ரப்பர். நம் தாத்தா பாட்டி மலாய்ச் சொல்லிலிருந்து எடுத்து ‘கித்தா’ என்று சொன்னார்களே, அதேதான். கித்தாருக்குக் கித்தா ஆகாது! கித்தாரை நிறுத்தி வைக்கும் தாங்கிகளில் ரப்பர் குழாய் மாட்டியிருப்பார்கள். ரப்பரை இளக்கமாக வைக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்கள் மெதுவாகப் பூச்சுக்குள் இறங்கி அதைப் பிசுபிசுக்க வைக்கும். தொட்ட இடத்தில் அழியாத தழும்பு விழும். தாங்கியில் பருத்தித் துணி சுற்றினால் போதும்.

உள்ளே ஒயர் அறுந்திருந்தால் மல்டிமீட்டர் காட்டிக்கொடுக்கும். பிக்கப்பின் மின்தடை பொதுவாக 6,000 முதல் 8,000 ஓம் வரை இருக்கும்; டெஸ்கோ போன்றவற்றில் வேறுபடலாம். அளவே காட்டவில்லை என்றால் முடிபோன்ற அந்தக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. சுருளின் வெளிமுனையில் என்றால் ஒட்டவைக்கலாம். ஒட்டுவதற்குப் பழையவர்கள் பயன்படுத்திய பற்றாசு வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. வெள்ளீயம் 232 பாகையில் உருகும், காரீயம் 327இல். இரண்டையும் 63க்கு 37 என்று கலந்தால் 183 பாகையிலேயே உருகிவிடும்! பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா, ஒருகாலத்தில் ஈயக் கப்பல்கள் மண்ணை வாரிய ஊர். அக்காலத்தில் உலகிலேயே அதிக வெள்ளீயம் கொடுத்த நாடும் மலாயாதான். அமெரிக்கக் கித்தார் ஒன்றின் பற்றாசுத் துளியில் நம் ஊர் வெள்ளீயம் இருந்தால் வியப்பில்லை. ஆனால் காரீயம் நஞ்சு. பழைய பற்றாசைத் தொட்டபின் கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடக்கூடாது. புகையை முகர்வதும் கூடாது. ஃபிரெட் கம்பிகளை எஃகுப் பஞ்சால் தேய்ப்பவர்களும் கவனிக்கவேண்டும். உதிரும் எஃகுத் தூளைக் காந்தம் இழுத்துப் பிக்கப்பில் ஒட்டவைத்துக்கொள்ளும். முதலில் பிக்கப்பை ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள்.

மாற்றவே கூடாது என்றும் நான் சொல்லமாட்டேன். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் 1970இல் வாங்கிய ஸ்ட்ராடோகாஸ்டர், தொழிற்சாலையில் வேறு நிறத்தில் பிறந்து மேலே கறுப்பு அடிக்கப்பட்டது. அவர் அதன் கழுத்தை மாற்றினார், பிக்கப்பை மாற்றினார், துளை போட்டார், அடைத்தார். 2019இல் அது 39 லட்சத்து 75 ஆயிரம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. வாசித்தவர் தன் தேவைக்குச் செய்த மாற்றம் அந்தக் கருவியின் வரலாறு. உங்கள் தாத்தா தன் கித்தாரில் சைக்கிள் திருகாணி போட்டிருந்தால் அதுவும் அப்படித்தான். கழற்றாதீர்கள்.

வீட்டில் உள்ள கித்தாரின் காந்தம் எந்தப் பக்கம் என்று அறிய ஒரு திசைகாட்டி போதும். தந்தியைத் தளர்த்திவிட்டு, பிக்கப்புக்கு அருகே அதை மெதுவாகக் கொண்டுபோங்கள். மிக அருகில் வேண்டாம். வலிய காந்தம் திசைகாட்டி முள்ளையே துருவம் மாற்றிவிடும். முள்ளின் எந்த முனை திரும்புகிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு, அடுத்த பிக்கப்புக்குப் போகலாம்.

ஒன்றை மட்டும் தொடாதீர்கள். கித்தாரோடு சேர்த்துப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் கிடைத்தால் அதைத் திறக்கவேண்டாம். உள்ளே 300, 400 வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகள் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஆளைக் கொல்ல அது போதும். பழைய இரண்டுமுனைச் செருகி உள்ளவற்றுக்கு நிலத்தொடர்பும் கிடையாது. வால்வு ரேடியோ காலத்திலிருந்து தொழில் பார்க்கும் மின்னணுப் பழுது பார்ப்பவர் ஒருவர் பக்கத்து ஊரில் இன்னும் இருந்தால், அவரிடம் கொண்டுபோங்கள். அவர் முதலில் அந்த மின்தேக்கியில் உள்ள மின்னூட்டத்தை எப்படி வெளியேற்றுகிறார் என்று தள்ளி நின்று பாருங்கள்.