கடைசி நாட்டையும் இணங்க வைக்கும் பாடம்

1927-இல் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கூடி, ஜெனீவாவில் இயங்கிவந்த சர்வதேச சங்கத்தைப் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) போலவே ஓர் அவையை நடத்தினார்கள். அவர்களுடைய நாடு அந்தச் சங்கத்தில் உறுப்பினரே அல்ல. சங்கத்துக்கு வித்திட்ட அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் சொந்த நாட்டு செனட்டே அதில் சேர மறுத்துவிட்டது. ஆகவே அந்த மாணவர்கள் பிற நாடுகளின் பெயரால்தான் பேச வேண்டியிருந்தது. தன் கருத்தை ஒதுக்கிவைத்து, இன்னொரு நாட்டின் அச்சத்தையும் தேவையையும் தன்னுடையதாக்கிப் பேசுவதுதான் இந்தக் கல்வியின் உயிர். அது இன்றும் மாறவில்லை. மாறிப்போனது வேறொன்று.

சங்கத்தின் சாசனம் 5-ஆம் பிரிவில், நடைமுறை விஷயங்கள் போன்ற சில விலக்குகள் போக, எந்த முடிவுக்கும் அவையிலுள்ள நாடுகள் அனைத்தின் சம்மதத்தையும் கேட்டது. அந்த அவையை உள்ளபடி நடித்துக்காட்ட நினைக்கும் மாணவர், முரண்டு பிடிக்கும் கடைசி நாட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அதன் குறையைக் கேட்டாக வேண்டும். ஜெனீவாவில் இந்த விதி சங்கத்தின் கையைக் கட்டிப்போட்டது உண்மைதான். அரசுகளுக்கு விலங்காக இருந்தது, பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு நல்ல ஆசானாக இருந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

1945-இல் 51 நாடுகளுடன் ஐ.நா. பிறந்தது. பொதுச்சபையில் முக்கியப் பிரச்சினைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, மற்றவற்றுக்குப் பாதிக்கு மேல் இருந்தால் போதும் என்றானது. மாதிரி அவைகளும் மாதிரி ஐ.நா.வாக மாறின. 1950-களின் தொடக்கத்தில் பெர்க்லியிலும் ஹார்வர்டிலும் பள்ளி மாணவர்களுக்கான மாநாடுகள் தொடங்கின. 1968-இல் நெதர்லாந்தின் ஹேக் நகரமும் சேர்ந்துகொண்டது.

இன்று சென்னையிலேயே பல தனியார் பள்ளிகள் எம்.யூ.என். என்ற மாதிரி ஐ.நா. மாநாட்டை நடத்துகின்றன. கோட்டும் டையும் அணிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை நாட்டின் பெயர்ப்பலகையை உயர்த்தி, ஒவ்வொருவராகச் சிறிது நேரம் பேசும் 'மாடரேட்டட் காகஸ்' விவாதத்தைக் கேட்கிறது. கைமாறிக்கொண்டிருந்த துண்டுச்சீட்டுகள் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டன. தீர்மான வரைவு கூகுள் டாக்ஸில் ஒரே நேரத்தில் பலர் கையால் வளர்கிறது. நூலகத்தில் தேடி எழுத வேண்டிய நிலைப்பாட்டு அறிக்கையை சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்குபவர்களும் உண்டு. கருவிகளைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. சிறந்த பிரதிநிதிக்குத் தரும் 'பெஸ்ட் டெலிகேட்' விருதைப் பற்றித்தான் வருத்தம்.

அந்த விருதுக்காகப் பிள்ளைகள் வரைவைத் தம் பெயரில் வைத்துக்கொள்ளப் போட்டியிடுகிறார்கள். வேண்டிய வாக்கு சேர்ந்ததும் மற்றவர்களைத் தேட வேண்டியதில்லை. பின்வரிசையில் ஒரு தீவு நாடாக அமர்ந்திருக்கும் குழந்தையிடம், 'உனக்கு எந்த வரி உறுத்துகிறது?' என்று கேட்க ஆளில்லை. உண்மையான பொதுச்சபையில் 'மாடரேட்டட் காகஸ்' என்ற ஒன்றே கிடையாது. அங்கே பெரும்பாலான தீர்மானங்கள் வாக்கெடுப்பின்றியே நிறைவேறுகின்றன. நாம் பிள்ளைகளுக்கு ராஜதந்திரம் என்று கற்றுக்கொடுப்பதில் பாதி தேர்தல் உத்திதான்.

உண்மையான ராஜதந்திரத்தைக் காட்ட வேண்டுமானால் ஐ.நா.வின் கடல் சட்ட மாநாட்டைக் காட்டலாம். 1973-இல் தொடங்கிய அந்த மாநாடு, இணக்கத்துக்கான எல்லா முயற்சியும் தீரும்வரை வாக்கெடுப்புக்குப் போவதில்லை என்ற உடன்பாட்டோடு ஆண்டுக்கணக்கில் பேசியது. தலைமை தாங்கியவர் இலங்கையின் ஹாமில்டன் ஷெர்லி அமரசிங்க. 1980 டிசம்பரில் அவர் இறந்தபின் சிங்கப்பூரின் டாமி கோ பொறுப்பேற்றார். மீன்வளம், நீரிணைகள், ஆழ்கடல் கனிமம் என ஒன்றை விட்டுக்கொடுத்து ஒன்றைப் பெற்று, எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகக் கட்டினார்கள். கடைசியில் அமெரிக்கா வாக்கெடுப்பு கேட்டது. 1982 ஏப்ரல் 30 அன்று 130 நாடுகள் உடன்படிக்கையை ஆதரித்தன, 4 எதிர்த்தன, 17 விலகி நின்றன. ஒன்பது ஆண்டு உழைப்பில் வாக்கு வந்தது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

மாதிரி அவைகளுக்கும் உண்மையான அவைக்கும் உள்ள இந்த இடைவெளியை ஐ.நா.வும் கவனித்தது. 2009-இல் ஜெனீவா, 2010-இல் கோலாலம்பூர், 2011-இல் இஞ்சியான் நகரங்களில் தானே மாதிரி ஐ.நா. மாநாடுகளை நடத்தி, உண்மையான பொதுச்சபைக்கு நெருக்கமான, கருத்தொருமிப்பை முதன்மைப்படுத்தும் விதிகளை அறிமுகம் செய்தது. ஹேக் மாநாட்டிலோ தனிநபர் விருதே கிடையாது. அங்கே பிள்ளைகள் முதலில் ஒருவரையொருவர் தேடிப்போய்ப் பேசி, தத்தம் வரைவுகளை இணைத்த பிறகே விவாதத்துக்கு வருகிறார்கள்.

நம் பள்ளிகளும் ஒருமுறை விருதையும் வாக்கெடுப்பையும் எடுத்துவிட்டு, கடைசி நாள் மாலைக்குள் எல்லா நாடும் ஏற்கும் ஒரு பக்கத்தை எழுதச் சொல்லிப் பார்க்கலாம். கடல் சட்டத்தையே பொருளாகக் கொடுக்கலாம். நன்றாகப் பேசும் மாணவியை அமெரிக்காவின் இடத்தில் அல்ல, கடற்கரையே இல்லாத நேபாளத்தின் இடத்தில் அமர்த்தலாம். நிலத்தால் சூழப்பட்ட நாடுகள் கடலை அடையும் உரிமைக்கு அந்த உடன்படிக்கையில் தனிப் பகுதியே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும்.