புயற்கூண்டும் நம் கடமையும்

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பகுதி மக்களின் கண்கள் கீழ்வானத்தை நோக்கித் திரும்பிவிடும். 'ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை' என்பது நம் முன்னோர் கண்ட கணக்கு. கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் ஆண்டு மழையின் பெரும்பகுதியைத் தருவது வடகிழக்குப் பருவமழையே. கிணற்றில் நீர் ஊறுவதும் சம்பாப் பயிர் தழைப்பதும் அதன் கொடை. எனினும், அந்த மழையைக் கொணரும் வங்கக் கடலே புயல்களுக்கும் பிறப்பிடமாக இருக்கின்றது.

முன்னறிவிப்பு இல்லாத காலம்

1749ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை நிலைபெற்றிருந்த காலம். அட்மிரல் பாஸ்கவனின் போர்க்கப்பல்கள் இக்கரையோரம் நங்கூரமிட்டிருந்தன. திடீரென எழுந்த புயலில் 'நாமூர்' என்னும் பெருங்கப்பல் சிதைந்து மூழ்கியது. அதில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 'பெம்புரோக்' என்ற கப்பலும் அழிந்தது. கரையில் இருந்தமையால் பாஸ்கவன் உயிர் தப்பினார். பேரரசின் கடற்படைக்கே அன்று எச்சரிக்கை கூற எவரும் இலர்.

இன்று கடலூர்த் துறைமுகத்தில் ஏற்றப்படும் கூண்டு அக்குறையை நீக்குகின்றது. 1, 2ஆம் எண்கள் தொலைவில் உருவான ஆபத்தை உணர்த்துபவை. 3, 4 ஆகியவை துறைமுகத்தை நெருங்கும் கடும் வானிலையைக் கூறுவன. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம். 11ஆம் எண், வானிலை நிலையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்பதன் அடையாளம். இவற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோமாக.

காற்று ஓய்ந்த பின்

எச்சரிக்கை உயிரைக் காக்கலாம்; உடைமை அனைத்தையும் அதனால் காக்க இயலாது. 2011 டிசம்பர் 30 அதிகாலை, 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பகுதியின் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. நெல் அழிந்தால் அடுத்த போகத்தில் மீண்டும் விதைக்கலாம். தந்தை நட்ட பலா சாய்ந்தால், கன்று வளர்ந்து பலன் தரும்வரை அக்குடும்பம் எதைக் கொண்டு வாழும்?

மழை நின்றதும் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுவதும் தவறு. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகள் கடலைச் சேரும் தாழ்நிலம் நம்முடையது. 2024 நவம்பர் இறுதியில் 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதன் பின் மேற்கே கொட்டிய மழையால் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அன்று பெருமளவில் நீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை கரை புரண்டு கடலூர்ப் பகுதிக் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. 2015 நவம்பரிலோ, நெய்வேலி சுற்றுப்புறத்தில் ஒரே நாளில் பெய்த பெருமழையால் பண்ருட்டி அருகே ஓடை பெருக்கெடுத்து உயிர்களையும் வீடுகளையும் வாரிச் சென்றது.

நாம் செய்யத் தக்கவை

புயலைத் தடுக்க நம்மால் இயலாது. வாய்க்காலைத் தூர்க்காமல் இருக்க இயலும். ஓடைப் புறம்போக்கில் வீடு கட்டுவதும் வடிகாலில் குப்பை கொட்டுவதும் அண்டை வீட்டாருக்கு நாம் இழைக்கும் தீங்கு. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு போன்ற இயற்கை அரண்களைப் பேணுவதும் நம் பொறுப்பே.

மழைக்காலத்திற்கு முன்பே மரங்களின் கிளைப் பாரத்தைக் குறைத்து, பயிர்க் காப்பீட்டை உரிய நாளுக்குள் செலுத்திவிட வேண்டும். குடும்ப அட்டை, நிலப்பத்திரம், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை நீர் புகாத உறையில் இடவேண்டும். கூண்டு ஏறிய பின் எவரும் கடலுக்குச் செல்லலாகாது.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. தனித்து வாழும் முதியோர், கைம்பெண்கள், நோயாளிகள், குடிசைவாசிகள் யார் யார் என்பதை ஒவ்வொரு தெருவினரும் ஐப்பசிக்கு முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். வானொலியும் கைப்பேசியும் செய்தியைத் தரும். எழுந்து நடக்க இயலாதவரைத் தூக்கிச் செல்ல மனிதக் கரங்களே வேண்டும். அவர்களை முதலில் மேட்டுக்குச் சேர்த்துவிட்டு, அதன்பின் நம் பொருள்களைப் பார்ப்போம்.