நத்தார்ப் பரிசின் உட்பொருள்

நத்தார்ப் பெருநாளன்று நம் நாட்டிலுள்ள கிறிஸ்தவ இல்லங்களிலிருந்து பலகாரத் தட்டுகள் அயல் வீடுகளை நோக்கிச் செல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கேக்கும், பயற்றம் பணியாரமும், வாழைப்பழமும் வைத்துத் துணியால் மூடிய தட்டினை வீட்டுச் சிறுவர்கள் ஏந்திச் செல்வர். சைவரும், பௌத்தரும், இஸ்லாமியரும் அதனை முகமலர்ச்சியுடன் ஏற்பர். தட்டினை வெறுமையாகத் திருப்பி அனுப்புதல் வழக்கமன்று. சிறிது சீனியேனும் வைத்தே அனுப்புவர். பின்னர்ப் பொங்கலுக்கும், புத்தாண்டுக்கும், நோன்புப் பெருநாளுக்கும் மறுதட்டு வந்து சேரும்.

இஃது அயலவரை அன்பாற் பிணிக்கும் நல்வழக்கம். இதனைக் குறை கூறுவார் ஒருவருமிலர். ஆயினும், வந்த தட்டுக்கு மறுதட்டு என்னும் இம்முறையே நத்தார்ப் பரிசின் முழுப் பொருளுமாகுமா, அன்றி அதற்கு வேறொரு பொருள் உண்டா என்பதனை இன்று சிறிது ஆராய்வோம்.

நத்தாரையும் பரிசையும் ஒருங்கே நினைக்கும்போது கிழக்குத் திசையிலிருந்து வந்த ஞானியரே முதலில் நம் நினைவுக்கு வருகின்றனர். நம்மவர் அவர்களை மூன்று இராசாக்கள் என்பர். மத்தேயு எழுதிய சுவிசேஷத்திலோ அவர்கள் மூவர் என்றும் கூறப்படவில்லை. இராசாக்கள் என்றும் கூறப்படவில்லை. பரிசுகள் மூன்று என்பதனால் கொணர்ந்தவரும் மூவரே எனப் பிற்காலத்தவர் கொண்டனர். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்பனவே அம்மூன்று பரிசுகள்.

பொன்னையும் தூபத்தையும் மன்னனுக்கோ தெய்வத்துக்கோ காணிக்கையாக்குதல் எவர்க்கும் விளங்குவதே. ஏசாயா தீர்க்கதரிசியின் நூலின் 60ஆம் அதிகாரத்திலும் தூரதேசத்தார் இவ்விரண்டையும் கொண்டுவருவர் என்னும் செய்தி உண்டு. ஆனால் வெள்ளைப்போளம் அங்கே இல்லை. அஃது ஒருவகை மரத்தின் கசப்பான பிசின். இறந்தோர் உடலுக்கு இடப்படும் நறுமணப் பொருள்களுள் ஒன்று. யோவான் சுவிசேஷத்தின்படி, இயேசு பிரானின் திருவுடலை அடக்கஞ் செய்தபோது நிக்கொதேமு என்பவர் கொணர்ந்ததும் இதுவே. குழந்தை பிறந்த வீட்டுக்கு இத்தகைய பொருளைக் கொண்டு செல்வதை நம்மவர் அமங்கலம் என்று விலக்குவர். ஞானியரோ அதனையும் வைத்து வணங்கினர். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இரேனேயு என்னும் ஆயர், அரசர்க்குப் பொன், கடவுளுக்குத் தூபம், மக்களுக்காக இறக்கவிருக்கும் மனிதர்க்கு வெள்ளைப்போளம் என இதற்குப் பொருள் கண்டார்.

இதிலே கருதவேண்டியது யாதெனின், கொடுத்தவர்கள் அந்த வீட்டிலிருந்து எதனையும் பெற்றுச் செல்லவில்லை என்பதே. அக்குடும்பம் கைம்மாறு செய்யும் நிலையில் இருந்ததுமில்லை. பிள்ளைக்காகத் தேவாலயத்திற் பலி செலுத்தச் சென்ற பெற்றோர் ஒரு சோடிப் புறாவைப் பற்றிய விதியின்படி செலுத்தினர் என லூக்கா எழுதுகின்றார். ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியற்ற ஏழைகளுக்கென மோசேயின் சட்டம் விதித்த காணிக்கை அது.

மேலும் ஆழ்ந்து நோக்கின், நத்தாரின் முதற் பரிசு ஞானியர் கொணர்ந்ததன்று; அவர்கள் கண்டு வணங்கிய குழந்தையே முதற் பரிசு. கடவுள் தம் மைந்தனையே உலகுக்கு ஈந்தார் என்பது கிறிஸ்தவரின் அடிப்படை நம்பிக்கை. அந்தக் கொடைக்கு ஈடாகத் திருப்பிக் கொடுக்கத்தக்க பொருள் எவரிடத்தும் இல்லை. ஆகவே, பெற்றவன் அதனைக் கொடுத்தவர்க்குத் திருப்பாது, தன்னிலும் எளியவனுக்குக் கொடுத்தே கடன் தீர்த்தல் வேண்டும். பவுல் அடிகள் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலே, செல்வராயிருந்த கிறிஸ்து நமக்காக வறியரானார் என்று கூறும் இடம் புகழ்பெற்றது. எருசலேமின் ஏழைகளுக்காக நன்கொடை திரட்டும்பொருட்டே அவர் அதனை எழுதினார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மனிதாவதாரம் என்னும் பெரிய தத்துவம் அங்கே உண்டியற் பெட்டியின் அருகில் நின்றே பேசப்படுகின்றது.

இயேசு பிரானும் விருந்தைப் பற்றிக் கூறுமிடத்து, நண்பரையும் உறவினரையும் செல்வரான அயலவரையும் அழைத்தால் அவர்கள் உன்னைத் திரும்ப அழைப்பர்; அதனோடு உன் கைம்மாறு முடிந்துவிடும்; ஆதலால் திருப்பிச் செய்ய இயலாத ஏழைகளையே அழை என்ற கருத்துப்படப் போதித்தார். நம் வள்ளுவனாரும் ஈகை என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, இல்லாதவனுக்குக் கொடுப்பது மாத்திரமே கொடை. ஏனையவையெல்லாம் அளந்து கொடுத்து அளந்து பெறும் குறியெதிர்ப்பை போன்றன என்று வகுத்துவிட்டார். தேசத்தாலும் சமயத்தாலும் வேறுபட்ட இருவர் வாக்கும் இங்கே ஒன்றாகி நிற்றல் வியக்கத்தக்கது.

இனி, வரலாற்றைச் சிறிது நோக்குவோம். மார்கழி 25ஆந் திகதி கிறிஸ்து பிறந்த நாளாக உரோமாபுரியிற் குறிக்கப்பட்டிருந்தமை, கி.பி. 354இல் தொகுக்கப்பட்ட ஒரு பஞ்சாங்கத்தினால் தெரியவருகின்றது. உரோமர் ஆண்டுப் பிறப்பின்போது ஒருவர்க்கொருவர் பரிசு வழங்கும் வழக்கம் உடையவர். அக்காலத்துக் கிறிஸ்தவ ஆயர்கள் இதனைக் கண்டு மகிழ்ந்தனர் என்று எண்ணவேண்டாம். இன்றைய துருக்கியிலுள்ள அமாசியா நகரின் ஆயர் ஆஸ்தேரியு, கி.பி. 400ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி ஆற்றிய பிரசங்கத்தில் இதனைக் கடிந்து பேசினார். மனமுவந்து கொடாமல் வழக்கத்துக்கு அஞ்சியே கொடுக்கின்றனர், வறியவன் கடன்படுகின்றான், வீடுதோறும் சென்று சிறு பொருளைக் கொடுத்துப் பெரும் பொருளைப் பெறும் பிள்ளைகள் இளமையிலேயே பேராசையைக் கற்கின்றனர் என்பன அவர் கூறிய குறைகள். ஏறக்குறைய அதே காலத்தவரான அகுஸ்தீன் அடிகளும், பிறர் பரிசு கொடுக்கும் நாளில் நீங்கள் ஏழைகளுக்குத் தருமம் கொடுங்கள் என்று தம் சபையாரை வேண்டினார். பதினாறு நூற்றாண்டுகள் கழிந்தும் அவ்வுரைகள் நம் கடைத்தெருக்களைப் பார்த்துச் சொல்லப்பட்டன போலவே இருக்கின்றன.

சிவப்பு அங்கியும் வெண்தாடியுமாகத் தோன்றும் நத்தார்த் தாத்தாவின் பின்னணியில் உள்ளவரும் ஓர் ஆயரே. அவர் நான்காம் நூற்றாண்டில் மீரா என்னும் நகரில் வாழ்ந்த நிக்கொலாசு. ஒல்லாந்தர் வழங்கிய அவர் பெயரே அமெரிக்காவிற் சென்று திரிந்து சாந்தா குளோஸ் ஆயிற்று. அவரைப் பற்றி வழங்கும் கதை நம்மவர் நெஞ்சைத் தொடுவது. சீதனம் கொடுக்க வகையின்றி மூன்று பெண்மக்களோடு தவித்த ஒரு தகப்பனின் வீட்டிலே, அவர் இரவில் எவரும் அறியாதவாறு பொன்முடிப்பை எறிந்துவிட்டுச் சென்றாராம். மூன்றாம் முறை தகப்பன் ஓடிச்சென்று அவரைக் கண்டுகொண்டபோது, இதனை எவர்க்கும் சொல்லாதே என்று வேண்டினாராம். வாங்கியவன் நாணாதபடி கொடுத்தலே அக்கதையின் உயிர்.

நத்தாருக்கு மறுநாளாகிய 26ஆந் திகதி ஸ்தேவானுக்கு உரியது. அவர் வேதசாட்சியாய் இறந்தவர் என்பதை யாவரும் அறிவர். விதவைகளுக்கு அன்றாட உணவு பங்கிடுவதில் நேர்ந்த குறையைத் தீர்க்கத் தெரிந்தெடுக்கப்பட்ட எழுவருள் முதலாவதாகக் குறிக்கப்படுபவரும் அவரே.

நேயர்களே, இவற்றையெல்லாம் நூல்களிற் படித்திருந்தும் நான் உண்மையாக உணர்ந்தது ஒரு சிறுமியின் மூலமாகவே. சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பாடசாலையின் ஒளிவிழாவிலே மாணவர் சீட்டுக் குலுக்கித் தம்முட் பரிசு மாற்றிக்கொள்ள ஏற்பாடாயிற்று. ஏற்றத்தாழ்வு வேண்டாம் எனக் கருதி, பரிசு இன்ன தொகைக்குக் குறையலாகாது என்று விதித்தவன் நானே. விழாவன்று ஆறாம் வகுப்புப் பிள்ளையொருத்தி வரவில்லை. அவளிடமிருந்து பரிசு பெறவேண்டியிருந்த பிள்ளை வெறுங்கையோடு நின்று அழுதது. மறுநாள் அவளுடைய தாயார் வந்து, வாங்கிக் கொடுக்கக் கையிற் காசு இருக்கவில்லை என்று கூறி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்கவேண்டியவர் அவரல்லர். மாட்டுக்கொட்டிலிற் பிறந்த பாலனின் விழாவுக்கு நான் நுழைவுக் கட்டணம் விதித்திருந்தேன்.

அடுத்த ஆண்டு பாலன் குடிலின் அருகே ஒரு பெட்டியை வைத்தோம். இயன்றவர் இயன்றதைப் பெயர் எழுதாது இடலாம்; இயலாதவர் இடவேண்டியதில்லை; சேர்ந்தவை வைத்தியசாலையின் சிறுவர் விடுதிக்குச் செல்லும் என்று அறிவித்தோம். பெட்டியில் விளையாட்டுப் பொருள்களும் இருந்தன, பென்சில்களும் இருந்தன, வீட்டு மரத்து மாதுளங்கனிகள் இரண்டும் இருந்தன. எவர் எதனை இட்டார் என்பதை எவரும் அறியார். அச்சிறுமி அன்று விழாவுக்கு வந்திருந்தாள் என்பதை மாத்திரம் நான் அறிவேன்.

பிள்ளைகளுக்குப் புத்தாடையும் விளையாட்டுப் பொருளும் வாங்கிக் கொடுப்பது தவறென்று நான் கூறவில்லை. அன்பு தன்னை வெளிப்படுத்த ஒரு பொருளை நாடுதல் இயல்பே. ஆனால் கடன்பட்டுக் கொடுக்கும் பரிசும், பெற்றவனைக் கடனாளியாக்கும் பரிசும் நத்தாருக்கு உரியன அல்ல. இம்முறை நீங்கள் அனுப்பவேண்டிய தட்டுகளையெல்லாம் வழக்கம்போல் அனுப்புங்கள். அதன்பின் இன்னுமொரு தட்டை ஆயத்தஞ் செய்து, மறுதட்டு வரமுடியாத ஒரு வீட்டுக்கு அனுப்புங்கள். அதனை ஏந்திச் செல்லும் சிறுவனிடம், தட்டை அங்கேயே விட்டுவிட்டு வரும்படி சொல்லுங்கள்.